ரெட்டிச்சாவடி வருவதற்குள்

நடுவர் அவர்களே, கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் திரண்டிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். ‘மனபாரத்தை இறக்கி வைக்க ஏற்றவர் நெருங்கியவரா, முன்பின் தெரியாதவரா?’ தெரியாதவரே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் சொன்னார்: “ராத்திரி நெஞ்சு வலின்னா ஓடி வர்றவன் பக்கத்து வீட்டுக்காரன்தான்.” மறுக்கவில்லை. 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயல் நம் கூரைகளைப் பிய்த்தெறிந்தபோது கைகொடுத்தது தெருக்காரர்கள்தான். ஆனால் நம் தலைப்பு உதவிக்கு ஓடி வருவதைப் பற்றியதல்ல, வாயைத் திறப்பதைப் பற்றியது. மகள் புகுந்த வீட்டை விட்டுத் திரும்பி வந்துவிட்டாள். அதே பக்கத்து வீட்டில் என்ன சொல்கிறோம்? “லீவுக்கு வந்திருக்கா.” சின்னவளுக்கு வரன் வந்தால், மாப்பிள்ளை வீட்டார் முதலில் விசாரிப்பது அந்தப் பக்கத்து வீட்டில்தானே!

ஜெர்மானியச் சமூகவியலாளர் ஜியார்க் சிம்மல் 1908-லேயே இதை எழுதினார். சொந்தக்காரரிடம் மறைப்பதை, வெளியிலிருந்து வந்தவரிடம், சர்ச்சில் பாதிரியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனம் போலச் சொல்லிவிடுகிறார்கள். ஊர்க் கட்சி எதிலும் அவருக்குப் பங்கில்லை என்பதே காரணம்.

புதுச்சேரியில் கடலூர் பஸ் ஏறிப் பாருங்கள். 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல், முக்கால் மணி நேரப் பயணம். முருங்கப்பாக்கம் வரை பக்கத்து சீட்டுக்காரரோடு வெயில், கூட்டம், சில்லறை என்றுதான் பேச்சு. அரியாங்குப்பம் பாலத்தில், “வேலைக்குப் போயிட்டு வர்றீங்களா?” தவளக்குப்பத்தில், “இல்லைங்க, ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு.” கிருமாம்பாக்கத்தில், “யாருக்குங்க?” கொஞ்ச நேரம் சத்தமில்லை. கன்னியக்கோயில் போன பிறகு, ஜன்னலைப் பார்த்தபடியே, “எனக்குத்தான். வீட்ல இன்னும் சொல்லல.”

அந்த வார்த்தை ஏன் அங்கே வந்தது? பஸ் சீட்டில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்கிறார்கள். முகத்துக்கு முகம் பார்க்கும் கூச்சமில்லை. இறங்கும் இடம் தெரியும், அதனால் பேச்சுக்கு ஒரு முடிவும் உண்டு. கேள்விகள் சின்னதில் தொடங்கி மெல்ல ஆழம் போயின. அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஆரன் 1997-இல் வெளியிட்ட ஆய்வும் இப்படித்தான் அமைந்தது. முன்பின் தெரியாத இருவர், 36 கேள்விகள், 12 வீதம் 3 கட்டம், மொத்தம் 45 நிமிடம். முதல் கட்டத்தில் லேசானவை, கடைசியில் மனசுக்குள் போகிறவை. இருவரும் மாறி மாறிப் பதில் சொல்ல வேண்டும். அற்ப நேரம்தான், ஆனாலும் வெறும் ஊர்ப்பேச்சு பேசிய ஜோடிகளைவிட இவர்கள் நெருங்கியிருந்தார்கள். நம் பஸ் ஓடும் நேரமும் ஏறக்குறைய அதே 45 நிமிடம்!

ஆனால் இது கெட்டுப்போகும், நடுவர் அவர்களே. கெடுப்பது நாம் அன்பாகக் கேட்பதாக நினைக்கும் மூன்று கேள்விகள். “எந்த ஊரு? எந்தத் தெரு? யாரு வீடு?” கடலூர் மாவட்டத்தில் மூன்றாவது கேள்விக்குள் உறவு கண்டுபிடித்துவிடுவோம். “அட, நம்ம செல்வத்துக்கு மச்சானா நீங்க!” அவ்வளவுதான், வாய் மூடிக்கொள்ளும். தெரியாதவர் தெரிந்தவராகிவிட்டார், செய்தி செல்வத்துக்குப் போய்விடும். ஊர் பேரைக் கேட்காதீர்கள். “அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேளுங்கள்.

அடுத்தது, “எங்க சித்தப்பாவுக்கும் இதேதான், ஆறே மாசம்...” என்று தொடங்குவது. தயவுசெய்து வேண்டாம். அவர் சொன்ன கடைசிச் சொல்லையே திருப்பிக் கேட்டால் போதும்: “வீட்ல சொல்லலையா?” பிறகு அடுத்த ஸ்டாப்பிங் வரை பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தில்தான் மிச்சம் வரும். ஏறி உட்கார்ந்ததுமே மொத்தத்தையும் கொட்டுவதும் ஆகாது, எதிராளி மிரண்டு சீட்டு மாறிவிடுவார்.

“ஏமாற்றிவிட மாட்டானா?” என்று கேட்டார் எதிரணித் தோழி. நியாயமான பயம். மனசைத் திறப்பது வேறு, பையைத் திறப்பது வேறு. வீட்டு விலாசம், தனியாக இருக்கும் நேரம், வங்கிக் கணக்கு, ஓடிபி, இவை நான்கும் பேச்சில் வரவே கூடாது. உங்கள் துயரத்தைப் பாதியில் விட்டு இவற்றில் ஒன்றை ஒருவர் விசாரித்தால் அங்கேயே எழுந்துவிடுங்கள்.

பஸ்ஸில் மட்டுமல்ல. சென்னையில் 1986-இல் தொடங்கிய ஸ்னேஹா அமைப்பு, தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்குக் காதுகொடுக்கத் தன்னார்வலர்களைத்தான் உட்கார வைத்தது. அழைப்பவருக்கு அவர்கள் அண்ணனும் இல்லை, மாமனும் இல்லை. 2022 அக்டோபரில் வந்த அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-லும் எடுப்பவர் முன்பின் தெரியாதவர்தான். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. வீடு நிறைய ஆள் இருந்தும் சொல்ல ஆளில்லாமல் தவிப்பவருக்கு, எடுத்துப் பேசும் அந்த முகம் தெரியாத குரல் எவ்வளவு பெரிய துணை!

மணி அடிக்கிறது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ரெட்டிச்சாவடி தாண்டி, பெண்ணையாற்றுப் பாலம் கடந்து அவர் இறங்கும்போது “பாத்துப் போங்க” என்று சொல்லுங்கள். போன் நம்பர் கேட்காதீர்கள்.