முதலில் வெர்னியரைக் கையில் கொடுங்கள்

அவைத் தலைவர் அவர்களே, என்னைப் பேச அழைத்த கல்லூரி முதல்வர் அவர்களே, மூன்று விழாக்களை முடித்துவிட்டு நான்காவதாக இங்கே வந்திருக்கும் சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, என் பட்டறைக்குக் கடன் கொடுத்துவிட்டு இன்னும் பொறுமையாக இருக்கும் வங்கி மேலாளர் அவர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

படிப்புக்கும் வேலைக்கும் நடுவே கிடக்கும் பள்ளத்தைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வந்தேன்: தொழிற்பயிற்சி, பாடத்திட்டம், ஆங்கில பயம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று என் அப்பா அடிக்கடி சொல்வார். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சில வருஷங்களுக்கு முன், சென்னை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருக்கும் என் பட்டறைக்கு ஒரு தம்பி இன்டர்வியூவுக்கு வந்தார். பி.இ. மெக்கானிக்கல், முதல் வகுப்பு. வெர்னியர் என்ற அளவுக் கருவியின் லீஸ்ட் கவுண்ட், அதாவது அதால் அளக்க முடிகிற மிகச் சிறிய அளவு, என்ன என்றேன். கேள்வி முடியுமுன்பே, "0.02 மில்லிமீட்டர் சார்!" சரி, இந்த ஷாஃப்டின், அதாவது உருளைத் தண்டின், வெளியளவை எடுத்துச் சொல்லுங்கள் என்று வெர்னியரை நீட்டினேன். வாங்கினார், திருப்பினார், மறுபடி திருப்பினார். எட்டாவதோடு படிப்பை விட்ட எங்கள் டர்னர் அண்ணன், தான் ஓட்டும் லேத் என்ற கடைசல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து, "தம்பி, அது ஓட்டையோட உள்ளளவு எடுக்கிற பக்கம்" என்றார். நீங்கள் சிரிக்கிறீர்கள், நானும் சிரித்தேன். அப்புறம் அந்தப் பையன் சொன்னார்: "லேப்ல முப்பது பேருக்கு ஒரே வெர்னியர் சார். முன்னாடி நின்னவன் அளந்தான், நாங்க ரெக்கார்டுல எழுதிக்கிட்டோம்." என் சிரிப்பு நின்றுவிட்டது. அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டேன். ஆறே மாதத்தில், டிராயிங்கில் சந்தேகம் என்றால் டர்னர் அண்ணனே அவரைத்தான் கூப்பிட்டார். ஏட்டுச் சுரைக்காய்தான், ஆனால் அடுப்பில் ஏற்ற ஆள் வேண்டாமா?

முதலாளிகள் நாம் மட்டும் யோக்கியமா? 'புதியவர்கள் தேவை, இரண்டு வருஷ அனுபவம் அவசியம்' என்று நானே விளம்பரம் கொடுத்திருக்கிறேன். அப்ரண்டிஸ், அதாவது வேலை பார்த்துக்கொண்டே தொழில் பழகுபவர்களுக்கான தொழிற்பழகுநர் சட்டம், 1961லேயே வந்துவிட்டது. 1973 திருத்தத்தில் பட்டதாரிகளையும் டிப்ளமோக்காரர்களையும் சேர்த்தார்கள். 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனம் அப்ரண்டிஸ் எடுத்தே ஆகவேண்டும். சிறு பட்டறைக்குக் கட்டாயமில்லை. நான் கேட்பது அந்தச் சிறு பட்டறைகளைத்தான். நம்மிடம்தான் பையன் முதல் நாளே மெஷினைத் தொடுவான். கருவியைக் கையில் பிடித்துக் கற்பது நமக்குப் புதிதல்ல; சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியே 1794ல் நில அளவைப் பள்ளியாகத்தானே பிறந்தது!

மணி அடித்துவிட்டார்கள். பாடத்திட்டமும் ஆங்கிலமும் இன்னொரு நாள். வாசலில், காபி வைத்திருக்கும் மேசை மேல் ஒரு நோட்டு இருக்கிறது. பட்டறை வைத்திருப்பவர்கள் எத்தனை அப்ரண்டிஸ் எடுப்பீர்கள் என்று அதில் எழுதிவிட்டுக் காபி குடியுங்கள். முதல் வரியில் என் பெயருக்கு நேரே 2 என்று எழுதியிருக்கிறேன். நன்றி, வணக்கம்.