'பிப்பின்' என்னும் பெயர்

அவைத் தலைவர் அவர்களே, பெரியோர்களே, நண்பர்களே,

ஆப்பிள் வகைகளின் பெயர்களைப் பார்ப்போர், காக்ஸ் ஆரஞ்சு பிப்பின், ரிப்ஸ்டன் பிப்பின், நியூடவுன் பிப்பின் என ஒரு சொல் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பர். அது ஊர்ப்பெயரும் அன்று, ஆளின் பெயரும் அன்று. பழைய பிரெஞ்சில் 'பெப்பேன்' என்றால் பழத்தின் விதை. ஆங்கிலத்துக்கு வந்தபோதும், 1300-ஐ ஒட்டிய காலத்தில், அது விதையையே குறித்தது. நூறாண்டுக்கு மேல் கழிந்த பின்னரே ஆப்பிள் வகையின் பெயராயிற்று. பிரெஞ்சில் நாற்றுப்பண்ணைக்கு இன்றும் 'பெப்பினியேர்' என்றே பெயர்.

எல்லா மரமும் விதையில்தானே முளைக்கிறது, இதற்கு மட்டும் ஏன் இந்தப் பெயர் என்று நீங்கள் கேட்கலாம். ஆப்பிள் பெரும்பாலும் தன் வகையின் மகரந்தத்தால் காய்ப்பதில்லை. வேறு வகை மரம் அருகில் பூத்திருக்க வேண்டும். ஆகவே ஒரே பழத்தின் விதைகளை ஊன்றினாலும் ஒவ்வொன்றும் வெவ்வேறு குணத்தோடு வளரும். அவற்றுள் புளித்தும் துவர்த்தும் பயனற்றுப் போவனவே மிகுதி. ஒரு நல்ல வகையை அப்படியே பெருக்க வேண்டுமானால் அதன் குச்சியை வெட்டி வேறொரு செடியில் ஒட்டுக்கட்டியாக வேண்டும். ஆகவே விதையில் முளைத்து நல்ல பழம் தந்த மரம் எவரும் திட்டமிட்டுப் பெற முடியாத பேறு. அந்தப் பிறப்பைத்தான் இப்பெயர் சொல்கிறது என்பதால், இதை ஆப்பிள் பெயர்களிலேயே மிகுந்த பொருளுடையதாக நான் கருதுகிறேன்.

காக்ஸ் ஆரஞ்சு பிப்பினின் வரலாறு இதற்குச் சான்று. பீர் வடிக்கும் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற ரிச்சர்டு காக்ஸ் என்பவர், இங்கிலாந்தில் ஸ்லவ் நகருக்கு அருகேயுள்ள கோல்ன்புரூக்கில், 1825-ஐ ஒட்டி ஊன்றிய விதையில் அது முளைத்தது. ரிப்ஸ்டன் பிப்பினின் விதை என்பர். 1845-இல் அவர் மறைந்தார். நாற்றுப்பண்ணைக்காரர் சார்லஸ் டர்னர் 1850-களில் அதைப் பரப்பிய பின்னரே நாடறிந்தது. இன்றுள்ள காக்ஸ் மரம் ஒவ்வொன்றும் அந்த ஒற்றை நாற்றிலிருந்து ஒட்டு வழியாக வந்ததே.

விதையின் பெயர் தாங்கிய பழம் ஒட்டினால் வாழ்வதை ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' நாடகத்தின் இரண்டாம் பாகத்திலேயே காணலாம். நீதிபதி ஷாலோ, தம் கையால் ஒட்டுக்கட்டிய மரத்தில் சென்ற ஆண்டு காய்த்த பிப்பினை உண்ண வருமாறு விருந்தினரை அழைக்கிறார். சென்ற ஆண்டுப் பழம் என்பதையும் கவனிக்க வேண்டும். நெடுநாள் கெடாத, இறுகிய சதையுள்ள பழத்துக்கே இப்பெயர் மெல்ல உரியதாயிற்று. பாரிசில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெபர்சன், எங்கள் நியூடவுன் பிப்பினுக்கு ஈடான ஆப்பிள் இங்கே இல்லை என்று கடிதம் எழுதியதும் அத்தகைய பழத்தை எண்ணித்தான்.

சொல் இவ்வாறு பழத்தின் பெயராகிவிடவே, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் அதைப் பாதியாகக் குறுக்கி, ஆப்பிளின் விதையைப் 'பிப்' என்று அழைக்கலாயினர்.