தொலைந்த ஒற்று: மரத்தைக் குறிக்கும் சீன எழுத்து

அவையோருக்கு வணக்கம். கையில் தாள் இருந்தால் எழுதிப் பாருங்கள். இடமிருந்து வலமாகக் குறுக்கே ஒரு கோடு. அதன் நடுவை வெட்டி, மேலிருந்து கீழே இன்னொன்று. வெட்டிய இடத்திலிருந்து இடப்பக்கம் சரியும் கோடு, பிறகு வலப்பக்கம் சரியும் கோடு. நான்கே கோடுகள், மரம் வந்துவிட்டது. சரியும் இரண்டையும் தொங்கும் கிளைகள் என்றே பலர் நினைக்கிறார்கள். அவை வேர்கள். ஏறத்தாழ 3,200 ஆண்டுகளுக்கு முன் சீனாவின் ஷாங் அரசமரபுக் காலத்து எலும்புகளில் கீறியபோது கிளைகள் மேல்நோக்கி வளைந்திருந்தன. அவைதாம் நிமிர்ந்து இன்றைய குறுக்குக்கோடாயின.

இந்த எழுத்து வேறோர் எழுத்தின் இடப்பாதியாக வரும்போது கடைசிக் கோட்டைப் புள்ளிபோல் சுருக்க வேண்டும். நீட்டினால் வலப்பாதிமேல் மோதும். அடியில் ஒரு சிறு கோடு சேர்த்தால் ‘வேர், மூலம்’. உச்சியில் நீண்ட கோடு சேர்த்தால் ‘நுனி’. அந்த உச்சிக்கோடு அதன் கீழுள்ள குறுக்குக்கோட்டைவிடக் குட்டையாகிவிட்டால் பொருளே மாறி, ‘இன்னும் இல்லை’ என்றாகிவிடும்.

இன்றைய சீனப் பேச்சில் உயிருள்ள மரத்துக்கு ‘ஷு’ என்ற வேறு சொல் உண்டு. நம் எழுத்து பெரும்பாலும் வெட்டிய மரத்துக்கு. மரத்துப்போன உடம்பையும் அது குறிக்கும்; நம் ‘மரத்துப்போதல்’ போலவே. பழைய வழக்கில் சவப்பெட்டியும் அதுதான்.

இனி ஒலி. பெய்ஜிங்கில் ‘மு’, குரல் சட்டென்று இறங்கும். தென்சீன மொழியான கான்டனீஸில் ‘முக்’, கொரியாவில் ‘மொக்’, வியட்நாமில் ‘மொக்’கை ஒட்டிய ஒலி. பழைய சீனத்தில் இருந்த கடைசி ‘க்’ வடக்கே உதிர்ந்துவிட்டது, தெற்கிலும் அயல்நாடுகளிலும் தங்கிவிட்டது. கான்டனீஸில் அந்த ‘க்’கை வெடிக்க விடாமல் அடிநாக்கிலேயே நிறுத்த வேண்டும். நம் நாக்கு ‘முக்கு’ என்று உகரம் சேர்க்கும். அங்கே அது பிழை.

ஜப்பானியரும் உகரம் சேர்த்தவர்களே. அவர்களிடம் இரண்டு இரவல் ஒலிகள்: முன்னதாக வந்த ‘மொகு’, பின்னர் சீனாவின் தாங் அரசமரபுக் காலத்துத் தலைநகர் உச்சரிப்பைப் பின்பற்றிய ‘பொகு’ (‘பஸ்’ஸில் வரும் ப). அந்த உச்சரிப்பில் ‘ம’ ஒலி ‘ம்ப’ பக்கம் சாய்ந்திருந்ததே காரணம். சொந்த மொழியில் ‘கி’ என்பார்கள்; சில கூட்டுச்சொற்களில் அது ‘கோ’ ஆகும். வியாழக்கிழமை ‘மொகுயோபி’, கட்டுமானப் பொறியியல் ‘தொபொகு’. எதில் எது வரும் என்பதற்கு உறுதியான விதி கிடையாது. சொல்லுக்குச் சொல் மனப்பாடம்தான்.