ராஜா மில் கேட்டிலிருந்து மந்திரி மால் வரை: மல்லேஸ்வரத்தில் ஒரு சுற்று

வணக்கம் மக்களே. பின்னால் கேட்கிற சத்தம் பெங்களூர் மெட்ரோ ரயில். மந்திரி ஸ்கொயர் சம்பிகே ரோடு ஸ்டேஷனிலிருந்து மாலுக்குப் போகிற வழியில் நிற்கிறேன். எங்கள் வீடு ஸ்ரீராமபுரம். அங்கே ஏறினால் அடுத்த ஸ்டேஷன் இதுதான். உட்கார இடம் தேடி முடிப்பதற்குள் இறங்க வேண்டியிருக்கும்.

இந்த வீடியோவுக்குக் காரணம் என் அத்தை மகன். ஹெப்பாள் பக்கம் குடியிருக்கிறான். 2023 அக்டோபரில் அந்தப் பக்கம் மால் ஆஃப் ஏஷியா திறந்ததிலிருந்து அவன் கண்ணுக்கு வேறு மால் எதுவும் தெரிவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன், "மந்திரி மாலா? அதெல்லாம் எப்பவோ முடிஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தான். எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு நாள் யோசித்த பிறகு கேமராவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் நிற்கிற இந்த இடத்தில் ஒரு காலத்தில் பஞ்சாலை இருந்தது. மைசூர் ஸ்பின்னிங் அண்ட் மேனுஃபேக்சரிங் மில்ஸ் என்பது காகிதத்தில் இருந்த பெயர். ஊர் வாயில் அது ராஜா மில். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த ஆலை. அப்போது இந்தப் பக்கம் பெங்களூரின் வெளிவட்டம். 1898இல் பிளேக் வந்து, பழைய ஊரான பேட்டைத் தெருக்களில் ஜனம் நெருக்கிக் கிடக்க முடியாமல் போனபோதுதான் மல்லேஸ்வரமும் பசவனகுடியும் அகலமான தெருக்களோடு புது எக்ஸ்டென்ஷன்களாக வளர்ந்தன.

மல்லேஸ்வரம் என்ற பெயர் வந்தது காடு மல்லேஸ்வரர் கோயிலிலிருந்து. இங்கிருந்து நடந்தே போகலாம். 1669ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று அங்கே இருக்கிறது. கோயிலுக்குக் கிராமத்தை மானியமாகக் கொடுத்தவர் சிவாஜியின் தம்பி ஏகோஜி. பின்னாளில் நம் தஞ்சாவூரில் மராத்திய ஆட்சியைத் தொடங்கினாரே, அதே ஏகோஜிதான். பெங்களூருக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே இப்படி எத்தனை நூல் ஓடுகிறது பாருங்கள். கோயிலுக்குத் தனியாக ஒரு வீடியோ போட வேண்டும்.

சரி, மில்லுக்கு வருவோம். பெங்களூர்த் தமிழர் என்றால் எல்லோருக்கும் அல்சூர், சிவாஜிநகர், பிரேசர் டவுன் என்று கண்டோன்மெண்ட் பக்கம்தான் ஞாபகம் வரும். அது பட்டாளத்தோடு வந்த தமிழ். எங்கள் பக்கம், ஸ்ரீராமபுரம், ஓகலிபுரம், பின்னிப்பேட்டை, இது மில்லோடும் ரயிலோடும் வந்த தமிழ். வட ஆற்காட்டிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் ஜோலார்பேட்டை வழியாக ரயிலேறி வந்தவர்கள். என் தாத்தாவும் அப்படித்தான் வந்தார். ராஜா மில்லில் ஸ்பின்னிங் டிபார்ட்மெண்டில் சேர்ந்து, நூல் நூற்கிற ரிங் பிரேம் மெஷினில் சைடு ஓட்டினார். நூல் அறுந்த இடத்தை விரலால் தொட்டு ஒட்டிக்கொண்டே, ஒரு ஷிப்ட் முழுக்க இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிற வேலை. நூல் அறாமல் இருக்க ஷெட்டுக்குள் காற்றை ஈரமாகவே வைத்திருப்பார்கள். ஜன்னல் திறக்கக்கூடாது. புழுக்கமும் பஞ்சுத் தூசியும் சேர்ந்து, வீட்டுக்கு வரும்போது புருவத்தில் வெள்ளையாக ஒட்டியிருக்குமாம். ஆயா சொல்லும்: "உங்க தாத்தாவுக்கு முப்பது வயசிலேயே நரைச்ச மாதிரி இருக்கும். குளிச்சா கருப்பாயிடும்."

எங்கள் தெருவுக்கு அப்போது மில் சங்குதான் கடிகாரம். முதல் சங்கு ஊதினால் அடுப்பு பற்ற வைக்க வேண்டும், இரண்டாவது சங்குக்குள் ஆள் கேட்டில் நிற்க வேண்டும். கேட் எதிரே டீக்கடை, பீடிக்கடை, சம்பளத்தன்று மட்டும் முளைக்கிற துணிக்கடை. வட்டிக்குப் பணம் கொடுத்தவர்களும் அன்றைக்குத்தான் கேட்டில் வந்து நிற்பார்கள். பொங்கல், தீபாவளி வந்தால் சம்பிகே ரோடும் எட்டாவது கிராஸும் எங்கள் ஆட்களால் நிறைந்திருக்கும் என்று அப்பா சொல்வார். மல்லேஸ்வரத்துக் கடைகளில் பாதி வியாபாரம் ராஜா மில் போனஸில் நடந்தது என்பது அவர் கணக்கு. கொஞ்சம் பாசத்தில் கூட்டிச் சொல்கிறார் என்றாலும், விஷயம் அதுதான்.

அப்புறம் மில் நலிந்தது. நாடு முழுக்கப் பழைய பஞ்சாலைகளுக்கு நடந்ததே இங்கேயும் நடந்தது. இயந்திரம் பழசாகிவிட்டது, புதிதாகப் போட யாரும் பணம் இறக்கவில்லை. விசைத்தறித் துணி மலிவாக வந்தது, பாலியஸ்டர் வந்தது. 1974இல் நலிந்த ஆலைகளைத் தேசியமயமாக்கும் சட்டம் கொண்டுவந்து, நேஷனல் டெக்ஸ்டைல் கார்ப்பரேஷனிடம் கொடுத்தார்கள். இங்கே பக்கத்திலேயே இருந்த மினர்வா மில்லும் அப்படிப் போனதுதான். அந்த மில் வழக்கில் 1980இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை இன்றைக்கும் சட்டக் கல்லூரியில் பாடமாகப் படிக்கிறார்கள். ஆனால் ஆலைகள் நிமிரவில்லை. தாத்தா விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். சங்கு நின்றபோது, தெருவில் யார் எத்தனை மணிக்கு எழுவது என்றே தெரியாமல் போனது என்று ஆயா சொன்னது எனக்கு மறக்கவே மறக்காது.

இப்போது மாலுக்குள் வந்துவிட்டேன். சத்தம் கொஞ்சம் எதிரொலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2010இல் இது திறந்தபோது நாட்டின் பெரிய மால்களில் ஒன்று. 250 கடைகளுக்கு மேல். அதற்கு முன்னால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மால் என்றால் 2004இல் கோரமங்களாவில் வந்த ஃபோரம்தான். அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும். இங்கே வீட்டிலிருந்து நடந்தே வந்தோம். திறந்த புதிதில் ஒரு நாள் தாத்தாவைக் கூட்டி வந்தேன். அவருக்குக் கடைகளைப் பார்ப்பதில் ஆர்வமே இல்லை. கண்ணாடி ஓரமாகப் போய் நின்று, ரயில் தண்டவாளம் எந்தப் பக்கம் என்று பார்த்தார். அதை வைத்து உள்ளுக்குள் அளந்துகொண்டே நடந்தார். "இங்க டைம் ஆபீஸ். அதுக்கு அந்தாண்ட கேட். நம்ம டிபார்ட்மெண்ட் அதோ, அந்தச் செருப்புக் கடை இருக்கிற இடம்." ஒரு தூணருகே ரொம்ப நேரம் நின்றார். பிறகு தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், "ஷிப்ட் எத்தனை மணிக்குமா விடுவாங்க?" என்று கேட்டார். அவர் தமிழிலேயே பதில் சொன்னார். எங்களுக்கு மூன்று தெரு தள்ளிக் குடியிருப்பவர். வீட்டுக்குத் திரும்பும் வழியில் தாத்தா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "ஆளு நம்ம ஆளுதான்."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் இந்த மாலின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கிறேன்.

ஒரு மால் எப்படிப் பிழைக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய கடைகள், சூப்பர் மார்க்கெட், தியேட்டர், இவைதான் ஆளைக் கூட்டி வரும். அதனால் அவற்றுக்குச் சதுர அடி வாடகை குறைவு. தியேட்டரைப் பெரும்பாலும் மேல் மாடியில் வைப்பதும் காரணத்தோடுதான். படம் பார்க்க வருகிறவர் எல்லா மாடிக் கடைகளையும் தாண்டித்தான் ஏற வேண்டும், இறங்க வேண்டும். மாலுக்கு வாடகை வருமானம் தடித்து வருவது அந்தச் சின்னக் கடைகளிலிருந்து. பல கடைகளின் ஒப்பந்தம், இவ்வளவு குறைந்தபட்ச வாடகை அல்லது விற்பனையில் இத்தனை சதவீதம், எது அதிகமோ அது என்று இருக்கும். அதற்கு மேல் ஏசி, விளக்கு, காவல், துப்புரவுக்குப் பராமரிப்புக் கட்டணம். ஆள் நடமாட்டம் குறைந்தாலும் ஏசி ஓடித்தான் ஆக வேண்டும். முதலில் சின்னக் கடை போகும். அந்த ஷட்டர் மூடியிருப்பதைப் பார்த்து அந்தத் தளத்துக்கு வருகிறவர்கள் குறைவார்கள். பிறகு பக்கத்துக் கடை.

இந்த மாலுக்கு அடித்த பெரிய யோகம் மெட்ரோ. 2014 மார்ச்சில் பச்சை லைன் ஓடத் தொடங்கியபோது, பீன்யா பக்கமிருந்து வருகிற ரயிலுக்குக் கடைசி ஸ்டேஷன் இதுதான். ஊர் நடுவே பஸ்ஸும் ரயிலும் கூடுகிற மெஜஸ்டிக் வரை சுரங்கம் தோண்டும் வேலை பாறையில் மாட்டி இழுத்துக்கொண்டே போனது. மூன்று வருடத்துக்கு மேல், ரயிலில் வந்தவர்கள் எல்லோரும் இங்கேதான் இறங்கினார்கள். மெஜஸ்டிக் போகிறவர், சிட்டி மார்க்கெட் போகிறவர், ஆபீஸ் போகிறவர், எல்லோருக்கும் இந்த வாசல்தான். ஸ்டேஷன் பெயரிலேயே மால் பெயர். மழை வந்தால் ஒதுங்க மால், பசித்தால் ஃபுட் கோர்ட். 2017 ஜூனில் சுரங்கம் திறந்தது. ரயில் இங்கே இரண்டு நிமிடம் கூட நிற்பதில்லை, நேராகப் பூமிக்குள் இறங்கி மெஜஸ்டிக் போய்விடுகிறது. நகரத்துக்கு அது நல்லது. ஆனால் சும்மா வந்துகொண்டிருந்த கூட்டம் அன்றோடு நின்றது. மால் தளர்ந்ததற்கு எல்லோரும் வேறு காரணம் சொல்கிறார்கள். என் கணக்கில் இதுதான் முதல் காரணம்.

வேறு காரணங்களும் இல்லாமல் இல்லை. 2012இலேயே ராஜ்குமார் ரோட்டில் ஓரியன் மால் வந்துவிட்டது. அதுவும் பழைய தொழிற்சாலை நிலம்தான், கிர்லோஸ்கர் இருந்த இடம். பார்க்கிங் விசாலம், நடுவில் ஏரி மாதிரி தண்ணீர். கார் வைத்திருக்கிற ராஜாஜிநகர், மல்லேஸ்வரம் குடும்பங்கள் அந்தப் பக்கம் திரும்பின. 2021 அக்டோபரில் ராஜாஜிநகரிலேயே லுலுவும் திறந்தது.

2017 ஜனவரி 16 ஞாபகம் இருக்கிறதா? காணும் பொங்கல். எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு லால்பாக்கோ கப்பன் பார்க்கோ, இல்லையென்றால் இங்கேயோ வருகிற நாள். அன்றைக்கு மாலின் பின்பக்கச் சுவரில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. உள்ளே இருந்தவர்களை வெளியேற்றினார்கள், சில வாரங்கள் மால் மூடியிருந்தது. அப்புறம் 2020இல் கொரோனா. இரண்டாவது அலைக்குப் பிறகு 2021 ஜூலையில் திறந்து மூச்சு விடுவதற்குள், சொத்து வரி பாக்கி என்று செப்டம்பரில் மாநகராட்சி பூட்டுப் போட்டது. 2024 தொடக்கத்தில் மறுபடியும் சீல். பாக்கி 50 கோடி ரூபாய் அளவுக்கு என்று செய்தி வந்தது. வரி கட்டத்தான் வேண்டும், அதில் இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் பூட்டுப் போட்ட காலையில் வாசலில் யூனிபார்மோடு நிற்கிறவர்கள் யார்? சேல்ஸ் பெண்கள், செக்யூரிட்டி, ஃபுட் கோர்ட் பையன்கள். மில் கேட்டில் சங்குக்காக நின்ற அதே வீட்டுப் பேரப்பிள்ளைகள். செய்தியில் கோடி எண்ணிக்கை வருகிறது, இவர்கள் வருவதில்லை.

இப்போது புதன்கிழமை சாயங்காலம், மணி ஐந்தரை. கேமராவைத் திருப்புகிறேன், நீங்களே பாருங்கள். காலேஜ் பிள்ளைகள் படிக்கட்டு ஓரமாக உட்கார்ந்திருக்கிறார்கள். கைக்குழந்தையோடு ஒரு பாட்டி, ஏசி காற்றுக்காகத்தான் வந்திருக்க வேண்டும். ஒரு குடும்பம் கன்னடத்தில் ஆரம்பித்து, தமிழில் சண்டை போட்டு, தெலுங்கில் சமாதானம் ஆகிறது. அசல் ஸ்ரீராமபுரம். நிறைய பேர் கையில் பை இல்லை, உண்மைதான். ஆனால் வந்திருக்கிறார்கள். முக்கால்வாசிப் பேர் நடந்தோ ரயிலிலோ வந்தவர்கள்.

அத்தை மகனுக்கு நான் சொல்ல வேண்டியதும் இதுதான். இந்த இடத்தை ஓரியனோடும் ஹெப்பாளோடும் ஓட விட்டால் தோற்கும். இதன் பலம் பார்க்கிங் இல்லை, பக்கத்துத் தெரு. எட்டாவது கிராஸ் மார்க்கெட்டைப் பாருங்கள். மால் வந்தால் அவ்வளவுதான் என்று 2010இல் பயந்தார்கள். வரமஹாலக்ஷ்மி பண்டிகைக்கு முந்தின நாள் போய்ப் பாருங்கள், பூக்கூடைக்கு நடுவில் கால் வைக்க இடம் இருக்காது. நடந்து வருகிறவருக்கு வேண்டியதை அவர் கைக்கு எட்டும் விலையில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் ரகசியம். இந்த மாலில் காலியான கடைகளில் டெய்லர், டியூஷன், நல்ல மெஸ், ரத்தப் பரிசோதனை நிலையம், பெண்கள் சுய உதவிக் குழுக் கடை என்று வரட்டுமே. பெரிய பிராண்ட் வரும் என்று ஷட்டரை மூடி வைப்பதைவிட அது மேல்.

இன்னொன்றும் கேட்கிறேன், மனசிலிருந்து கேட்கிறேன். ஸ்டேஷனிலிருந்து மாலுக்கு வருகிற வழியில், எல்லோரும் கடக்கிற இடத்தில், ராஜா மில் படம் ஒன்று மாட்டுங்கள். கன்னடத்திலும் தமிழிலும் நாலு வரி எழுதுங்கள். இங்கே இத்தனை வருடம் நூல் நூற்றார்கள் என்று எழுதினால் போதும்.

அதற்கு நம்மிடம் பொருள் இருக்க வேண்டும் இல்லையா? எங்கள் வீட்டில் தாத்தாவின் டிப்பன் கேரியர் மட்டும்தான் மிச்சம். உங்கள் வீட்டுப் பரணில் மில் டோக்கன், சம்பளச் சீட்டு, யூனியன் ரசீது, ஷெட் முன்னால் எடுத்த குரூப் போட்டோ ஏதாவது கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எனக்குச் சொல்லுங்கள், நானே ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து படம் எடுத்துக்கொள்கிறேன். மில்லில் வேலை பார்த்தவர் இன்னும் வீட்டில் இருந்தால், அவர் குரலைப் பதிவு செய்வதுதான் முதல் வேலை. அவர்களுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது.

சரி, பீன்யா பக்கம் போகிற ரயில் வருகிறது. ஆயாவுக்கு எட்டாவது கிராஸில் வெற்றிலை வாங்கி வருவதாகச் சொல்லியிருந்தேன், பேச்சில் மறந்தே போனது. இந்த ரயிலை விட்டுவிட்டு வாங்கிக்கொண்டு போகிறேன்.