ரோஸ்மேரித் தண்ணீரும் ரொட்டியோடு குடிக்கும் தேத்தண்ணியும்

வணக்கம் மக்களே. இலங்கை மலையகத்தில், கொட்டகலையில் எங்கள் லயத்துக்கு, அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டுக்கு, பின்பக்கம் நின்று பேசுகிறேன். பனி இன்னும் விலகவில்லை, படம் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். இந்தப் பழைய பெயின்ட் வாளியில் நிற்கிற செடியைக் காட்டத்தான் வந்தேன். ரோஸ்மேரி. நுவரெலியாவில் சின்னக் கன்றாக வாங்கி வந்து இரண்டு வருடம் ஆகிறது. இலையை இப்படி விரலால் உருவினால், கற்பூரமும் யூகலிப்டஸும் கலந்த வாசனை கை முழுக்க ஏறிவிடும். மூக்கு சரியாகத்தான் சொல்கிறது. கற்பூரமும், யூகலிப்டஸ் தைலத்தில் இருக்கிற சினியோலும் இதன் எண்ணெயிலும் இருக்கின்றன.

மத்தியதரைக் கடலோரத்து வறண்ட மண்ணில் பிறந்த செடி இது. துளசி, புதினாக் குடும்பம். வெயிலும் வறட்சியும் இலையைச் சிதைத்துவிடாமல் இருக்க, கார்னோசிக் அமிலம் என்ற பொருளை இலைக்குள் செய்து வைத்துக்கொள்கிறது. செடி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்கிற இந்த மாதிரிப் பொருட்களில் பல, நம் உடம்புக்குள் போனாலும் ஏதாவது ஒரு வேலையைச் செய்கின்றன. எண்ணெய் சிக்குவாடை பிடிக்காமல் தடுக்கிற குணம் கார்னோசிக் அமிலத்துக்கு உண்டு. அதனால் ஐரோப்பாவில் ரோஸ்மேரிச் சாறை ஈ392 என்ற எண்ணோடு உணவில் சேர்க்க அனுமதித்திருக்கிறார்கள். ரோஸ்மேரி சாறு தடவி இறைச்சியைச் சுட்டால், கருகும்போது உண்டாகும் தீய பொருட்கள் குறைகின்றன என்பதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

கார்னோசிக் அமிலம் எண்ணெயில்தான் கரையும், தண்ணீரில் அதிகம் இறங்காது. இன்னொன்று ரோஸ்மரினிக் அமிலம். இத்தாலிய வேதியியலாளர்கள் 1958இல் இந்தச் செடியிலிருந்துதான் அதை முதலில் பிரித்தெடுத்தார்கள், பெயரும் அதனால்தான். அது சுடுதண்ணீரில் நன்றாக இறங்கும். அப்படியென்றால் இலையைக் கொதிநீரில் போட்டுக் குடிப்பவருக்கு ஒன்று கிடைக்கிறது, எண்ணெயில் வதக்கிச் சாப்பிடுபவருக்கு வேறொன்று கிடைக்கிறது. நான் நுவரெலியா உருளைக்கிழங்கைத் தோலோடு வெட்டி, தேங்காயெண்ணெயில் இரண்டு கொத்து போட்டு வதக்குவேன். ஒருமுறை செய்து பாருங்கள், வீடே மணக்கும்.

சரி, எல்லோரும் கேட்கிற தலைமுடி விஷயத்துக்கு வருகிறேன். 2015இல் ஈரானில் ஒரு ஆய்வு வந்தது. பரம்பரை வழுக்கை உள்ள 100 பேரில் பாதிப் பேருக்கு ரோஸ்மேரி எண்ணெய், மீதிப் பேருக்கு முடி வளரத் தலையில் பூசுகிற மருந்தான மினோக்ஸிடில், 2 சதவீதம். மூன்று மாதத்தில் இரண்டு பக்கமும் சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஆறு மாதத்தில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு முடி கூடியிருந்தது. நல்ல செய்திதான். ஆனால் எதுவும் பூசாத ஒரு குழுவை வைத்து ஒப்பிடவில்லை, ஆட்களும் குறைவு. அதோடு, அவர்கள் பார்த்தது எண்ணெயை. இப்போது எல்லோரும் இலையை அவித்துப் போத்தலில் ஊற்றி அடிக்கிறார்களே, அந்தத் தண்ணீரை அவர்கள் சோதிக்கவில்லை. அடித்துப் பார்க்க ஆசை என்றால் அடியுங்கள், அதை நம்பி டாக்டர் கொடுத்த மருந்தை மட்டும் நிறுத்தாதீர்கள். கடையில் விற்கிற வாசனை எண்ணெயை அப்படியே தலையில் தேய்க்கவும் கூடாது, தோல் எரிந்து புண்ணாகும். தேங்காயெண்ணெயில் சில துளி மட்டும் விடுங்கள். அந்த எண்ணெயை யாரும் குடிக்க வேண்டாம். கற்பூரம் இருப்பதால் வலிப்பு வருகிறவர்களுக்கு ஆபத்து. வயிற்றில் பிள்ளை இருக்கிறவர்கள் சமையல் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

செடிக்குள் இருக்கிற பொருளுக்காக மலையையே வெட்டிப் பயிர் வைத்த கதை நம் ஊரிலேயே இருக்கிறது. நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஹக்கல பூங்காவுக்குப் பூப்பார்க்கப் போகிறோம் இல்லையா, 1861இல் அது சிங்கோனா மரம் வளர்க்கத் தொடங்கிய இடம். அந்தப் பட்டையில் இருக்கிற குயினைன்தான் அந்தக் காலத்தில் மலேரியாவுக்கு மருந்து. கோப்பிச் செடியை இலைத்துரு நோய் அழித்தபோது, பல தோட்டங்களில் தேயிலைக்கு முன்னால் சிங்கோனாதான் வைத்தார்கள். பிறகு விலை விழுந்தது, தேயிலை வந்தது. நம் முன்னோர் கூடையோடு ஏறிய மலையில், ஒரு காலத்தில் பட்டையும் உரித்தார்கள்.

இந்த வீடியோவை நான் எடுத்ததற்குக் காரணமே இனிச் சொல்லப் போவதுதான், கொஞ்சம் இருந்து கேளுங்கள். போன வருடம் அம்மா மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். கிளினிக்கில் பார்த்தால் இரத்தம் மிகவும் குறைவு. இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தார்கள். அங்கே இருந்த நர்ஸ் அக்கா, "குளிசையை எதோட குடிப்பீங்க அம்மா?" என்று கேட்டார். அம்மா, "தேத்தண்ணியோடதான்" என்றார். அந்த அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கால் மணி நேரம் பேசினார்.

தேயிலையின் கசப்பும் துவர்ப்பும் அதில் இருக்கிற பாலிபீனால்களால் வருவது. இதயத்துக்கு நல்லது என்று நாம் கேள்விப்படுகிறதும் அவைதான். ஆனால் அதே பொருட்கள் வயிற்றில் கீரை, பருப்பு, ரொட்டியில் இருக்கிற இரும்பைப் பிடித்துக்கொள்ளும். சாப்பாட்டோடு ஒரு கோப்பை சாயத் தேத்தண்ணி குடித்தால், உடம்பில் சேர வேண்டிய இரும்பில் பாதிக்கும் மேல் சேராமல் போகலாம். ரோஸ்மேரியும் இதில் விலக்கு இல்லை. 2001இல் வந்த ஒரு ஆய்வில் இளம் பெண்களின் சாப்பாட்டில் ரோஸ்மேரிச் சாறு கலந்தபோதும் இரும்பு சேருவது குறைந்தது, தேயிலை அளவுக்கு இல்லாவிட்டாலும். நல்லது செய்கிற அதே கைதான் இரும்பையும் பிடித்து வைக்கிறது.

காலையில் ரொட்டியும் சம்பலும் பிளேன்டீயும். மத்தியானம் சோறு, பிறகு உடனே பிளேன்டீ. எத்தனை லயத்தில் நம் அம்மாமார், அக்காமார் இப்படித்தான் இருக்கிறார்கள்! வேலைக்குப் போகிற அவசரத்தில் வேறு நேரம் ஏது என்பதும் எனக்குத் தெரியும். தேத்தண்ணியை விடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், என்னாலேயே விட முடியாது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், அவ்வளவுதான். சாப்பாட்டோடு தேசிக்காய்த் தண்ணீர், கொய்யா, நெல்லிக்காய் எது கிடைக்கிறதோ அது. வைட்டமின் சி இரும்பு சேர உதவும். வல்லாரைச் சம்பலில் தேசிக்காய் பிழிகிறோமே, அது அம்மாயி காலத்திலிருந்து சரியாகத்தான் இருக்கிறது. குளிசையையும் தேத்தண்ணி இல்லாமல் தண்ணீரோடு போடுங்கள்.

அம்மாவுக்கு இப்போது ஏழு மணிக்கு ரொட்டி, தேசிக்காய்த் தண்ணீர். தேத்தண்ணியைப் போத்தலில் ஊற்றி மலைக்குக் கொண்டுபோய் எட்டரைக்குக் குடிக்கிறார். போன மாதம் கிளினிக்கில் இரத்த அளவு ஏறியிருக்கிறது என்றார்கள். குளிசைதான் முக்கிய காரணம். ஆனால் தேத்தண்ணியைத் தள்ளி வைத்ததும் உதவியிருக்கும்.

கன்று கேட்டவர்களுக்கு: பூக்காத கொப்பில் ஒரு விரல் நீளம் வெட்டி, கீழ் இலைகளை உருவிவிட்டு, மணலில் நட்டு நிழலில் வையுங்கள். சில வாரங்களில் வேர் விடும். நம் மழைக்கு நிலத்தில் நட்டால் வேர் அழுகும், அதனால்தான் இந்த வாளிக்கு அடியில் ஆறு ஓட்டை போட்டிருக்கிறேன். தூறல் தொடங்கிவிட்டது, இதைத் தாழ்வாரத்துக்கு இழுத்துவிட்டு வருகிறேன்.