ரெய்டு 1-ஐ ரெய்டு 5 ஆக்குறப்போ உள்ள என்ன நடக்குது?

வணக்கம் மக்களே! இன்னிக்கு லினக்ஸ்ல டேட்டாவை அழிக்காம, மவுண்ட்டைக் கூட கழட்டாம, ரெய்டு 1-ஐ ரெய்டு 5 ஆக்கப் போறோம். ரெய்டுன்னா பல டிஸ்க்கை ஒண்ணா சேத்து ஓட்டறது. ரெய்டு 1-ல ஒரே டேட்டா ஒவ்வொரு டிஸ்க்லயும் காப்பியா இருக்கும், அதான் மிரர். ரெய்டு 5-ல டேட்டாவோட, ஒரு டிஸ்க் போனாலும் அதை மீட்க உதவற பாரிட்டியும் எல்லா டிஸ்க்லயும் பரவி இருக்கும். பேக்கப் எடுத்துட்டீங்கள்ல? எடுக்கலைன்னா வீடியோவை பாஸ் பண்ணிட்டு எடுத்துட்டு வாங்க. நான் இங்கயேதான் இருப்பேன்.

ரெண்டு 4 டிபி டிஸ்க் மிரர்ல ஓடுது. எம்டிஏடிஎம்-ல, அதாவது லினக்ஸ்ல ரெய்டை நிர்வகிக்கற கமாண்ட்ல, க்ரோ போட்டு, லெவல் 5-னு குடுக்கறேன். எண்டர். முடிஞ்சிருச்சு! இவ்ளோ வேகமா எப்படின்னா, ரெய்டு 5-ல ஒரு ஸ்ட்ரைப்ல (எல்லா டிஸ்க்லயும் குறுக்கா போற ஒரு வரிசை) இருக்கற டேட்டா பிளாக்கை எல்லாம் எக்ஸ்ஆர் (பிட்டுகள் வேறயா இருந்தா 1, ஒண்ணா இருந்தா 0-ன்னு போடற கணக்கு) பண்ணித்தான் பாரிட்டி வருது. டிஸ்க் ரெண்டே ரெண்டுன்னா டேட்டா பிளாக் ஒண்ணே ஒண்ணுதான். ஒத்தை பிளாக்குக்கு எக்ஸ்ஆர் போட்டா அதே பிளாக்தான் வரும். அப்போ மிரர்ல இருக்கற காப்பியேதான் பாரிட்டி! டேட்டா இருந்த இடத்துலயே இருக்கு, சூப்பர்பிளாக்ல (டிஸ்க்ல ரெய்டோட விவரம் எழுதி வெக்கற இடம்) லெவல் மட்டும் மாறுது. ஆனா மிரர்ல சரியா ரெண்டு டிஸ்க்தான் இருக்கணும். மூணு இருந்தா லினக்ஸோட மையமான கெர்னல் ஒத்துக்காது.

இன்னொண்ணு, சங்க் சைஸைப் பாருங்க, அதாவது அடுத்த டிஸ்க்குக்குத் தாவறதுக்கு முன்னாடி ஒரு டிஸ்க்ல எழுதற துண்டோட அளவு. 64 கே-வால ரெய்டோட மொத்த அளவு சரியா வகுபடலைன்னா கெர்னல் சங்க் சைஸைத் தானா பாதி பாதியா குறைச்சுக்கிட்டே போகும், 4 கே வரைக்கும். அதை இப்பவே செக் பண்ணிக்கங்க.

நிஜமான வேலை இனிமேதான். மூணாவது டிஸ்க்கை ஆட் பண்ணி, ரெய்டு டிவைசஸ் 3-னு குடுக்கறோம். ரெய்டோட நிலையைக் காட்டற எம்டிஸ்டாட்ல ரீஷேப்னு (டேட்டாவை மூணு டிஸ்க்குக்கும் திருப்பி அடுக்கற வேலை) ஒரு வரி வருது பாருங்க, எவ்ளோ நேரம் ஆகும்னும் பக்கத்துலயே இருக்கு. செகண்டுக்கு 50 எம்பி போனாக்கூட 4 டிபிக்கு 22 மணி நேரம். நடுவுல கரண்ட் போனா? எது வரைக்கும் மாத்தினோம்னு சூப்பர்பிளாக்ல எழுதிக்கிட்டே போகுது, விட்ட இடத்துல இருந்து தொடரும். இருந்தாலும் யுபிஎஸ் இல்லாம இதைப் பண்ண எனக்கு மனசு வராது.

ரெய்டு 5-ல இருந்து, ரெண்டு பாரிட்டி இருக்கற ரெய்டு 6-க்கு ஒரு டிஸ்க் சேத்து போறது வேற கதை. டேட்டா டிஸ்க் எண்ணிக்கை கூடாததால எழுதின இடத்து மேலயே திரும்ப எழுதணும். அதனால பேக்கப் ஃபைல் கேட்டா, இந்த ரெய்டுல இல்லாத வேற டிஸ்க்ல குடுங்க. லேஅவுட் ப்ரிசர்வ்னு குடுத்தீங்கன்னா இந்தப் புரட்டலே வேண்டாம், ரெண்டாவது பாரிட்டி மொத்தமும் புது டிஸ்க்ல போய் உக்காந்துக்கும்.

ரெய்டு 10-ல (மிரரையும் ஸ்ட்ரைப்பையும் சேத்தது) இருந்து 5-க்கு நேர் வழி இல்ல. நடுவுல காப்பியும் பாரிட்டியும் இல்லாத ரெய்டு 0 ஆகித்தான் போகணும், அதாவது ஒரு டிஸ்க் போச்சுன்னா எல்லாம் போச்சு. நான்னா டேட்டாவை வெளிய எடுத்துட்டு புதுசாவே கட்டிருவேன்.

ரீஷேப் முடிஞ்சும், இடம் எவ்ளோன்னு காட்டற டிஎஃப் கமாண்ட்ல பழைய 4 டிபியே காட்டுதேன்னு பயந்துடாதீங்க. ஃபைல் சிஸ்டத்தை நாமதான் பெருசாக்கணும். ஈஎக்ஸ்டி4-னா ரீசைஸ்2எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ்-னா எக்ஸ்எஃப்எஸ் க்ரோஎஃப்எஸ். மவுண்ட் ஆகி இருக்கும்போதே ஓட்டலாம்.