கட்டி தட்டாத நியாசினமைடு சீரம், அப்புறம் சித்தி காட்டிய அந்த பாட்டில்

வணக்கம் மக்களே. இன்றைக்கு டோனர் வீடியோ வர வேண்டியது, தெரியும். அதைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன். இரண்டு விஷயம் நடந்துவிட்டது. ஒன்றில் பயங்கர எரிச்சல், இன்னொன்றில் பயங்கர சந்தோஷம். எரிச்சலை முதலில் இறக்கி வைத்துவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தி ஆசையாக ஒரு பாட்டிலை எடுத்து வந்து, "நீதான் இதெல்லாம் செய்வியே, இது நல்லதான்னு பார்த்துச் சொல்லுடி" என்றார். வீட்டுத் தயாரிப்பு கற்றாழை ஜெல். யாரோ தெரிந்தவர் மூலம் வாங்கியது, 350 ரூபாய். லேபிளில் பெரிய எழுத்தில் 'பிரிசர்வேட்டிவ் இல்லை', அதாவது கிருமி வளராமல் காக்கும் பொருள் எதுவும் சேர்க்கவில்லை. அதற்கு அடுத்த வரியிலேயே '12 மாதம் கெடாது'. மூடியைத் திறந்தால் புளித்த வாடை. மூடியின் உள்பக்க மரைக்குள்ளே கறுப்பாகப் புள்ளி. சித்தி அதைத்தான் தினமும் ராத்திரி முகத்தில் தடவிக்கொண்டு படுக்கிறார்.

அந்த இரண்டு வரியும் ஒரே லேபிளில் இருக்கவே முடியாது. கற்றாழைச் சோறு முக்கால்வாசிக்கும் மேலே தண்ணீர்தான். செடியிலிருந்து எடுத்தால் ஃப்ரிட்ஜில் வைத்தாலும் சில நாள் தாங்கும், அவ்வளவுதான். தண்ணீர் இருக்கும் இடத்தில் கிருமி வளரும். வாடையும் புள்ளியும் கடைசியில்தான் வரும். அதற்கு ரொம்ப முன்னாலேயே பாக்டீரியா பெருகியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. "வைட்டமின் ஈ சேர்த்திருக்கிறார்களே" என்று சித்தி கேட்டார். வைட்டமின் ஈ எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் பார்த்துக்கொள்ளும். கிருமியை ஒன்றும் செய்யாது. இதை விற்கிறவர்கள் தெரிந்துகொண்டுதான் விற்க வேண்டும். நம் நாட்டில் முகத்துக்குப் போடுகிற பொருளைத் தயாரித்து விற்க லைசென்ஸ் வேண்டும், 2020-இல் தனியாக காஸ்மெடிக்ஸ் விதிகளே வந்தாகிவிட்டது.

அதற்காக நம் பாட்டி வைத்தியத்தைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நலங்கு மாவு எனக்கு உயிர், உங்களுக்குத் தெரியும். பயத்தமாவு, கஸ்தூரி மஞ்சள், ரோஜா இதழ் எல்லாம் காயவைத்து அரைத்த பொடி. குளிக்கப் போகும்போது தேவையான அளவு எடுத்துக் குழைப்போம், மிச்சத்தைக் கொட்டிவிடுவோம். தண்ணீரே சேராமல் டப்பாவில் இருப்பதால்தான் அது மாதக் கணக்கில் நிற்கிறது. குழைத்த மாவைப் பாட்டிலில் அடைத்து ஒரு வருடம் வைக்கலாம் என்று எந்தப் பாட்டியும் சொல்லவில்லை.

சரி, சந்தோஷத்துக்கு வருவோம். தராசு வாங்கிவிட்டேன்! இதோ, உள்ளங்கைக்குள் அடங்குகிறது. 0.01 கிராம் வரை காட்டும், நகைக்கடையில் வைத்திருப்பார்களே அந்த மாதிரி. மதுரையில் தெற்காவணி மூல வீதிப் பக்கம் நடந்து நடந்து பார்த்தேன். முதல் கடையில் 900 சொன்னார்கள். அடுத்த கடையில் 650. அதற்குப் பக்கத்துச் சந்தில் ஒரு அண்ணன் 600 என்று ஆரம்பித்தார், பேசிப் பேசி 480-க்கு இறங்கினார். பேட்டரியும் போட்டு, 50 கிராம் எடைக்கல்லும் சேர்த்துக் கொடுத்தார். அந்த எடைக்கல் தனியாக வாங்கினாலே காசு. வீட்டுக்கு வந்து அதை வைத்துப் பார்த்தால் 50.00. ஒரு புள்ளி கூட நகரவில்லை. எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

ஏன் இவ்வளவு கொண்டாடுகிறேன் என்றால், இன்றைக்குச் செய்கிற நியாசினமைடு சீரம், அதாவது வைட்டமின் பி3 வகை கலந்து முகத்தில் தடவுகிற திரவம், மொத்தமே 50 கிராம்தான். அதில் கெட்டியாக்குகிற பொடியான சாந்தன் கம் 0.2 கிராம், பிரிசர்வேட்டிவ் 0.5 கிராம். சமையலறைத் தராசு 1 கிராமுக்குக் கீழே எதையும் காட்டாது. ஸ்பூன் கணக்கு இதில் செல்லவே செல்லாது. பிரிசர்வேட்டிவ் குறைந்தால் கெட்டுப்போகும், கூடினால் முகம் எரியும்.

அளவைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். நியாசினமைடு 2.5 கிராம், அதாவது 5 சதவீதம். கிளிசரின் 2 கிராம். சாந்தன் கம் 0.2. பிரிசர்வேட்டிவ் 0.5, நான் போடுவது ஃபினாக்சிஎத்தனாலும் எத்தில்ஹெக்சில்கிளிசரினும் கலந்த திரவம். மீதி டிஸ்டில்டு வாட்டர், 44.8 கிராம். இருங்கள், தோலை ஈரப்பதமாக வைக்கிற பேந்தனால் விட்டுப்போச்சு. அது 0.5 கிராம். அப்படியென்றால் தண்ணீர் 44.3. கூட்டிப் பாருங்கள், 50 வரும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், ஆர்.ஓ. தண்ணீரும் வேண்டாம்.

இப்போது சாந்தன் கம். இந்தப் பொடியை நேராகத் தண்ணீரில் தூவினால் முடிந்தது கதை. வெளியே வழவழவென்று தோல் கட்டிக்கொண்டு உள்ளே காய்ந்த பொடியாகவே இருக்கும். எவ்வளவு அடித்தாலும் உடையாது. கேழ்வரகுக் கூழ் காய்ச்சும்போது மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொள்வோம் இல்லையா, அதே வேலைதான் இங்கே கிளிசரினுக்கு. 2 கிராம் கிளிசரினில் 0.2 கிராம் பொடியைப் போட்டு, கண்ணாடிக் குச்சியால் நன்றாகத் தேய்த்துவிட்டேன். கிளிசரினில் அது ஊறாது, சும்மா பிரிந்து மிதக்கும். மேலே தண்ணீரை மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே கலக்கினேன். கேமராவைக் கிட்டே கொண்டு வருகிறேன், பாருங்கள். குச்சியைத் தூக்கினால் இழையாக இறங்குகிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கிறேன். ஒரு கட்டி இருக்கிறதா? ஒன்றுகூட இல்லை! இன்னொரு தடவை காட்டுகிறேன், எனக்குப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

இதில் நியாசினமைடைப் போட்டால் கலக்கக் கலக்கக் கரைந்துவிடும், சூடே தேவையில்லை. அப்புறம் பேந்தனால், கடைசியில் பிரிசர்வேட்டிவ். ஆமாம், ஆரம்பத்திலேயே சொல்லியிருக்க வேண்டியது: பாத்திரம், குச்சி, பாட்டில் எல்லாவற்றையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தெளித்துக் காயவைத்த பிறகுதான் வேலையைத் தொடங்கினேன்.

இனி பி.எச். தாள், அதாவது எவ்வளவு அமிலம் என்று காட்டுகிற தாள். எண் குறையக் குறைய அமிலம் கூடும். இந்தச் சீரத்துக்கு 5.5-லிருந்து 6.5-க்குள் இருக்க வேண்டும். எனக்கு 6 காட்டுகிறது. ரொம்ப அமிலமாகப் போனால் நியாசினமைடு கொஞ்சம் கொஞ்சமாக நிக்கோடினிக் அமிலமாக மாறும், முகம் சிவந்து சூடாகும். "சோடியம் பென்சோயேட் விலை குறைவாச்சே, அதைப் போடக்கூடாதா" என்று கேட்பீர்கள். அது பி.எச். 5-க்குக் கீழேதான் ஒழுங்காக வேலை செய்யும். 6-இல் போட்டால் போட்டும் போடாத மாதிரிதான். பிரிசர்வேட்டிவை விலை பார்த்து எடுக்கக் கூடாது, பி.எச். பார்த்து எடுக்க வேண்டும்.

எலுமிச்சைச் சாறு சேர்த்து வைட்டமின் சி சீரம் ஆக்கலாமா என்ற கேள்வியை தயவுசெய்து விடுங்கள். எலுமிச்சையின் பி.எச். 2 பக்கம். அந்தச் சாறு பட்ட தோலோடு நம் ஊர் வெயிலில் போனால் கொப்புளம் வரும், கறுத்த தழும்பு மாதக் கணக்கில் நிற்கும். வைட்டமின் சி வேண்டுமென்றால் அதற்கென்று பொடி இருக்கிறது, தனி வீடியோ போடுகிறேன்.

வாசனைக்கு நான் எதுவும் சேர்க்கவில்லை, சேர்க்கவும் மாட்டேன். லாவெண்டர் எண்ணெய் இரண்டு சொட்டு என்று யார் சொன்னாலும் முகத்தில் போட்டுக் கழுவாமல் விடுகிற பொருளில் எனக்கு அது பிடிக்காது. பாட்டில் விஷயத்திலும் பிடிவாதம்தான்: பம்ப் பாட்டில். விரலை விடுகிற டப்பா வேண்டவே வேண்டாம். டிராப்பரும் பிடிக்காது, கன்னத்தில் பட்ட முனை திரும்ப உள்ளே போகிறது.

பாட்டிலில் தேதி எழுதி ஒட்டிவிட்டேன். வீட்டில் கிருமிப் பரிசோதனை செய்ய வசதி கிடையாது, அதனால் இரண்டு மாதத்துக்குள் தீர்க்கிற அளவுதான் செய்கிறேன். இன்றைக்கே முகத்தில் போடாதீர்கள். முழங்கை மடிப்பின் உள்பக்கம் தடவி ஒரு நாள் பாருங்கள். அரிப்பு, சிவப்பு இல்லையென்றால் முகத்துக்கு வாருங்கள்.

ஒரே ஒரு பொருளை மட்டும் வீட்டில் செய்யச் சொல்லி என்னைக் கேட்காதீர்கள். சன்ஸ்கிரீன். அதில் வெயிலைத் தடுக்கிற ஜிங்க் ஆக்சைடு எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பரவியிருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது. எஸ்.பி.எஃப்., அதாவது வெயிலிலிருந்து காக்கும் அளவு, எவ்வளவு என்பதை ஆய்வகத்தில்தான் அளக்க முடியும், என் செல்லத் தராசால் முடியாது. அதைக் கடையில் வாங்குங்கள். காலையில் இந்தச் சீரம் காய்ந்ததும் அதைத் தாராளமாகப் போடுங்கள், காதையும் கழுத்தையும் விட்டுவிடாமல்.